மேட்டுக் கடை மீன்

எங்கள் வீட்டுக்கு நேர் கீழேயே மீன் பொரிக்கும் கடை ஒன்று இருந்தது. படியிறங்கி வலதுபுறம் திரும்பினால் போதும். அப்படியிருந்தும் 2009ஆம் ஆண்டின் பெரும்பகுதியும், சனிக்கிழமைகளில், மாமி என் கையைப் பிடித்துக்கொண்டு அந்தக் கடையைக் கடந்து, லூயிஷாம் சந்தையைக் கடந்து, ரயில் பாலத்துக்கு அடியால் போய், பிளாக்ஹீத் பக்கமாக ஏறும் மேட்டில் மூச்சு வாங்க நடந்து, ஏறக்குறைய இரண்டு மடங்கு விலைக்கு மீனும் சிப்ஸும் வாங்கித் தந்தார். எனக்கு அப்போது எட்டு வயது. வாங்கித் தருகிறவரிடம் காரணம் கேட்கிற வயதல்ல.

மாமி என்றால் அப்பாவின் அக்கா. இருபது வருடங்களுக்கு மேல் ஜெர்மனியில் இருந்தவர், அங்கே ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்தவர். மாமா இறந்தபின், அந்த வருடம் தை மாதத்தில், ஒரேயொரு சூட்கேஸோடு எங்களிடம் வந்தார். கொஞ்ச நாளைக்கு என்றுதான் வந்தார். என் அறையில் எனக்குப் பக்கத்துக் கட்டிலில் படுத்தார். ஜெர்மன் மொழியைத் தண்ணீர் மாதிரிப் பேசுவார். ஆங்கிலத்தில் ‘தேங்க்யூ’வுக்கு அப்பால் ஒன்றும் தெரியாது.

அந்த மாதங்களில் எங்கள் வீட்டில் யாரும் சாதாரணமாக இருக்கவில்லை. தொலைக்காட்சி விடிந்ததிலிருந்து ஓடிக்கொண்டேயிருக்கும். அப்பாவுக்கும் மாமிக்கும் இளையவர், என் சித்தப்பா, ஊரிலேயே தங்கிவிட்டவர். அப்போது வன்னியில் சண்டைக்குள் அகப்பட்டிருந்தார். அவரை எனக்கு ஒரு படமாகவும் ஒரு குரலாகவும்தான் தெரியும். தொலைபேசியில் ஒவ்வொரு முறையும் “எத்தினையாம் வகுப்பு படிக்கிறீங்கள்?” என்று மறக்காமல் கேட்பார். மாசி மாதத்துக்குப் பிறகு அந்தக் குரல் வரவில்லை.

சனிக்கிழமைகளில் அப்பாவும் அம்மாவும், சண்டையை நிறுத்தச் சொல்லிப் பாராளுமன்றத்துக்கு முன்னால் நடந்த ஆர்ப்பாட்டத்துக்குப் போவார்கள். மாமி ஒரு நாள் போனார், பிறகு போகவில்லை. “அந்தச் சத்தத்துக்குள்ள எனக்கு நிக்க ஏலாது தம்பி. நான் பிள்ளையைப் பாக்கிறன்” என்றார். அப்பா அன்றைக்குக் கதவைச் சாத்திய விதம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. சித்தப்பாவைத் தூக்கி வளர்த்தவர் மாமி. அவர்களுடைய அம்மா, சித்தப்பா குழந்தையாக இருக்கும்போதே, வேளைக்கே இறந்துவிட்டார். அப்படி வளர்த்தவரே வராமல் இருந்தால் எப்படி என்பது அப்பாவின் கோபம்.

மேட்டுக் கடையை நாங்கள் மழைக்கு ஒதுங்கித்தான் கண்டுபிடித்தோம். எனக்குத் தமிழ் வகுப்பு நடக்கும் தேவாலய மண்டபம் அந்த மேட்டில்தான் இருந்தது. உள்ளே போனதும் மாமி மூக்கை உயர்த்தி மணந்து பார்த்தார்.

“எண்ணெய் புதுசு. என்ன எண்ணெயெண்டு கேள் குஞ்சு. மாட்டுக் கொழுப்போ எண்டும் கேள்.”

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கடைக்காரர் வெள்ளை ஏப்ரனோடு, நரைத்த புருவங்களோடு, என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் ஆங்கிலத்தில் “உங்கள் கடை வடிவாக இருக்கிறதென்று மாமி சொல்கிறார்” என்றேன். அவர் நெஞ்சில் கை வைத்து நன்றி சொன்னார்.

“என்னவாம்?” என்றார் மாமி.

“நல்ல எண்ணெயாம்.”

மாமி நம்பவில்லை. பொறுமையிழந்து, தனக்குத்தானே ஜெர்மன் மொழியில் ஏதோ முணுமுணுத்தார். கடைக்காரரின் புருவங்கள் மேலே போயின. அவரும் ஜெர்மன் மொழியில் பதில் சொன்னார். அவர் சைப்பிரஸ் தீவுக்காரர். இளவயதில் ஜெர்மனியில் உணவுக் கடைகளில் வேலை செய்தவர். கடலை எண்ணெய்தான் என்று சொன்னதாக மாமி எனக்கு மொழிபெயர்த்தார். அதோடு என் மொழிபெயர்ப்பு உத்தியோகம் முடிந்தது. எனக்கும் அது நிம்மதிதான்.

அதற்குப் பிறகு வந்த சனிக்கிழமைகள் எல்லாம் எனக்கு ஒரே நாளாகத்தான் நினைவிருக்கின்றன. யன்னலோரத்தில் உட்கார ஒரு நீளமான மரவாங்கு. கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருக்கும். அதற்கப்பால் பேருந்துகள் சிவப்புக் கறைகளாக மிதந்துபோகும். வினாகிரியின் புளித்த மணமும் பொரியும் மாவின் மணமும் சேர்ந்து என்னைத் தாலாட்டுவதுபோல இருக்கும். மாமியும் கடைக்காரரும் விற்பனை மேடைக்கு இந்தப்புறமும் அந்தப்புறமும் நின்று ஜெர்மன் மொழியில் கதைப்பார்கள். எனக்கு ஒரு சொல்லும் விளங்காது. தண்ணீருக்கு அடியில் கிடந்து கரையில் நிற்பவர்களின் பேச்சைக் கேட்பதுபோல இருக்கும். நான் கண்ணாடியில் விரலால் மீன் வரைவேன். அது ஒழுகி வால் நீண்டு, அழிந்துபோகும். இன்னொன்று வரைவேன்.

கீழ்க் கடையில் போனவுடனே சாப்பாடு கையில் கிடைக்கும். இங்கே கால் மணிநேரத்துக்குக் குறையாது. பசியில் ஒரு நாள் நான் சிணுங்கினேன்.

“ஏன் மாமி இஞ்சை இவ்வளவு நேரம்? காசும் கூட.”

“கீழ்க் கடைக்காரன் மத்தியானம் பொரிச்சு வைச்சதைத் தாறான், குஞ்சு. இந்த மனுசன் எங்களைக் கண்டாப்பிறகுதான் மீனை மாவில தோய்க்கிறார். நேற்றைய மீன் இஞ்சை இல்லை. உருளைக்கிழங்கையும் தானே வெட்டி, ரெண்டு தரம் பொரிக்கிறார். எங்களுக்கெண்டு ஒராள் இவ்வளவு நேரம் மினக்கெடுறார். அதுக்குக் குடுக்கக்கூடாதே?”

அந்த மீனை எப்படிச் சொல்வது? மேல் மாவு மெல்லிய பிஸ்கட் மாதிரி நொறுங்கும். உள்ளே ஆவி பறக்க வெள்ளை வெளேரென்று இதழ் இதழாகப் பிரியும். எண்ணெய் விரலில் ஒட்டாது. பொரிக்கும்போது உதிர்ந்த மாத்துணுக்குகளை ஒரு சின்னக் காகிதச் சுருளில் போட்டு அவர் எனக்குத் தனியாகத் தருவார். அதற்குக் காசில்லை. எட்டு வயதில், அதற்காக மட்டுமே எவ்வளவும் கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. கொடுத்தது மாமிதான் என்பதால் சுலபமாகத் தோன்றியிருக்கலாம்.

சில நாள் மாமி சிரிப்பார். சில நாள் ஏப்ரன்காரர் ஒரு காகிதத் துவாயை நீட்டுவார், மாமி கண்ணைத் துடைப்பார். வெங்காயம் வெட்டாத கடையில் எதற்குக் கண்ணெரிகிறது என்று நான் யோசித்ததுண்டு. மாத்துணுக்குத் தீரும்வரை யோசித்தேன்.

வைகாசியில் ஒரு சனிக்கிழமை கடை பூட்டியிருந்தது. கதவில் ஒரு காகிதம். குடும்ப விடயமாகப் போகிறேன், இரண்டு கிழமையில் திறப்பேன் என்று எழுதியிருந்தது. மாமி அதை என்னிடம் மூன்று தரம் வாசிக்கச் சொன்னார்.

“குடும்ப விசயமெண்டா? சாவோ, கலியாணமோ?”

“அது எழுதேல்ல மாமி.”

மாமி கண்ணாடியில் நெற்றியை வைத்து இருட்டுக்குள் பார்த்துக்கொண்டு நின்றார். வீட்டுக்குக் கீழ்க் கடையில் வாங்கித் தரும்படி கேட்டேன். மாட்டேன் என்றுவிட்டார்.

அந்தக் கிழமையில்தான் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியை நிறுத்தினார்கள். சண்டை முடிந்துவிட்டது என்று மட்டும் எனக்குச் சொல்லப்பட்டது. முடிந்துவிட்டால் நல்லதுதானே என்று நினைத்தேன். ஆனால் அம்மா சமைக்கவில்லை. அப்பா பெற்றோல் நிலைய வேலைக்குப் போகாமல், சப்பாத்தைக்கூடக் கழற்றாமல், சோபாவில் படுத்துக் கிடந்தார். தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் மூவரும் ஒன்றாக எழுந்து நின்றார்கள். ஒவ்வொரு முறையும் வேறு யாரோ.

ஆனி மாதத்தின் முதல் சனிக்கிழமை, மாமி சால்வையைப் போட்டுக்கொண்டு “வா குஞ்சு” என்றார். அப்பா குசினி வாசலில் வந்து நின்றார்.

“எங்கை போறியள் அக்கா?”

“கடைக்கு.”

“அங்கை எங்கட சனம் முள்ளுக்கம்பிக்குள்ள கஞ்சிக்கு வரிசையில நிக்குது. தம்பி இருக்கிறானோ இல்லையோ தெரியாது. உங்களுக்கு மேட்டுக் கடை மீன் கேக்குது, என்ன? அதுவும் இரட்டை விலையில.”

மாமி சால்வையின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றார். அப்பா என் பக்கம் திரும்பினார்.

“பிள்ளை, மாமியும் அந்தாளும் என்ன கதைக்கிறவை?”

“மீனைப் பற்றித்தான் அப்பா. ஜெர்மன்ல.”

“சிரிச்சுக் கதைக்கிறவையோ?”

“சில நேரம்.”

அழுதார்களா என்று அப்பா கேட்கவில்லை. கேளாத கேள்விக்கு நான் பதில் சொல்லவுமில்லை. அப்பா மேல்சட்டையை எடுத்தார். “நடவுங்கோ. நானும் வாறன்” என்றார்.

மேடேறும்வரை நான் நடுவில் நடந்தேன். கடை திறந்திருந்தது. எனக்குத் துள்ளலாக இருந்தது. கடைக்காரருக்கு மட்டும் தாடி வளர்ந்திருந்தது, முழுவதும் வெள்ளையாக. அப்பா கையைக் கட்டிக்கொண்டு, வணக்கம்கூடச் சொல்லாமல், உங்கள் மீனுக்கு ஏன் இந்த விலை என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

அவர் கோபிக்கவில்லை. மேடையின் பலகையைத் தூக்கி அப்பாவை உள்ளே வரச்சொன்னார். வெள்ளைத் துணியில் வரிசையாகக் கிடந்த மீன் துண்டுகளைக் காட்டி, விரலால் அமத்திப் பாருங்கள் என்றார். அப்பா அமத்தினார். குழி விழவில்லை. அமத்திய இடம் அப்படியே திரும்பி எழுந்தது. ஈரத்தை ஒற்றியெடுப்பதையும், மாவுச் சட்டியைப் பனிக்கட்டியில் வைத்திருப்பதையும், நேற்று மாற்றிய எண்ணெயையும் அவர் ஒவ்வொன்றாகக் காட்டினார். அப்பா கரையோர ஊரில் பிறந்தவர். மீனில் பிழை பிடிக்கத்தான் வந்திருந்தார். குனிந்து மணந்து பார்த்தார். பிடிக்க ஒன்றும் கிடைக்காமல் வந்து வாங்கில் உட்கார்ந்தார்.

அன்றைக்கு வேறு ஆட்கள் இல்லை. மீனைப் பொரித்துக் கொண்டுவந்து வைத்துவிட்டு, கடைக்காரர் முதல் முறையாக எங்களோடு உட்கார்ந்தார். மாமியிடம் மெதுவாக, நீண்ட நேரம் பேசினார். மாமி ஒரு கையால் வாயை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு அப்பாவிடம் திரும்பினார்.

“தம்பி, இவற்ற தம்பி வந்திட்டாராம்.”

“எங்கையிருந்து?”

“இவையின்ர தீவிலயும் சண்டைதானே நடந்தது. அதில துலைஞ்சவர். முப்பத்தைஞ்சு வருசம் பாத்துக்கொண்டு இருந்திருக்கினம். நான் வாறதெல்லாம் அதைக் கேக்கத்தான். எப்பிடி இருந்தனீங்கள், எப்பிடிச் சாப்பிட்டனீங்கள், எப்பிடி நித்திரை கொண்டனீங்கள் எண்டு. வேற ஆரிட்டை நான் கேக்க? போன மாசம் கூப்பிட்டுக் குடுத்திருக்கினம்.”

அப்பா முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு கடைக்காரரின் கையைப் பிடித்து, “ஐ ஆம் சொறி” என்றார். காணாமற்போன தம்பி வந்ததற்கு யாராவது மன்னிப்புக் கேட்பார்களா? அப்பாவின் ஆங்கிலம் பிசகிவிட்டது என்று நினைத்தேன். அதைச் சரிசெய்வது என் கடமை என்றும் தோன்றியது. முப்பத்தைந்து வருடம் எங்கோ அலைந்தவர் எப்படியிருப்பார் என்று யோசித்துப் பார்த்துவிட்டு, கடைக்காரரிடம் ஆங்கிலத்தில் கேட்டேன்:

“வந்தபோது அவருக்குப் பசித்ததா?”

அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் இன்னும் முழுதாக வாசித்து முடிக்கவில்லை.

“நல்ல பசி, மகளே. பெரிய மீனாகப் பார்த்துப் பொரித்துக் கொடுத்தேன். இரண்டு சாப்பிட்டார்” என்றார்.

அப்பா அதைத் தமிழில் சொல்லக் கேட்டதும் மாமி எழுந்து வாசல் பக்கம் போனார்.

என் கையால் தூக்கக்கூடிய ஒரு சின்னப் பெட்டிக்குள் எலும்புகளாகத்தான் அந்தத் தம்பி வந்தார் என்பதைப் பல வருடங்களுக்குப் பிறகு அம்மா சொல்லித்தான் அறிந்தேன். மாமி அந்த இலையுதிர் காலத்தில் ஜெர்மனிக்குத் திரும்பிப் போனார். அதுவரையான சனிக்கிழமைகளில் அப்பாவும் எங்களோடு மேடேறினார். விலையைப் பற்றி அவர் மறுபடி கதைக்கவில்லை. சித்தப்பாவைப் பற்றி இன்றுவரை ஒரு செய்தியும் இல்லை.

ஆனால் அன்றைக்கு, மேட்டிலிருந்து இறங்கும்போது, எனக்கு உலகம் முழுவதும் நல்ல செய்தியாகத் தெரிந்தது. மாலை வெயில் கூரைகளில் மஞ்சளாகக் கிடந்தது. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எட்டும் முப்பத்தைந்தும்.

“அப்பா, சித்தப்பா ஆகப் பிந்தினாலும் எனக்கு நாப்பத்திமூண்டு வயசில வந்திடுவார். அப்ப நீங்கள் கிழவன். மேடேற உங்களுக்கு ஏலாது. நானே அவரை அந்தக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போறன்.”

அப்பாவிடமிருந்து சிரிப்பு மாதிரி ஒரு சத்தம் வந்தது. எத்தனையோ கிழமைக்குப் பிறகு. நான் வளர்ந்துவிட்டேன் என்று தூக்குவதை விட்டிருந்தவர், அன்று நடுவழியில் குனிந்து என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டார். நான் அவருடைய தலைமயிரைப் பிடித்துக்கொண்டு, சந்தைக் கூடாரங்களை உயரத்திலிருந்து பார்த்தபடி வந்தேன். கீழே அவருடைய தோள்கள் குலுங்கிக்கொண்டேயிருந்தன. நான் சொன்ன பகிடி அவருக்கு அவ்வளவு பிடித்துவிட்டது என்று நினைத்து, வீடு வரும்வரை அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.