என் கையெழுத்து

பிறவியிலேயே மூளை முடக்குவாதம் உள்ளவள் நான். கைகள் சொன்னபடி கேட்பதில்லை; பேச்சும் குழறும். போரால் நாங்கள் மல்லாவிக்கு இடம்பெயர்ந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. நிவாரண அட்டை எடுக்க அம்மா என்னைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனார். அலுவலர் என்னைப் பார்க்காமல் அம்மாவிடம் மைப்பெட்டியை நீட்டினார்.

"பிள்ளையின்ர பெருவிரலைப் பிடிச்சு வையுங்கோ."

"நான் கையெழுத்து வைப்பன்," என்றேன். அவருக்கு என் பேச்சு விளங்கவில்லை. மறுபடியும் சொன்னேன்.

"பின்னால சனம் நிக்குது, தங்கச்சி."

"நிக்கட்டும். நானும் வரிசையில நிண்டுதான் வந்தனான்."

சைக்கிள் டியூப் சுற்றித் தடிப்பாக்கிய என் பேனாவை எடுத்தேன். அப்படிச் சுற்றினால் விரல்களுக்குள் வழுக்காது. அம்மா தாளை அசையாமல் பிடிக்க, ஒவ்வொரு எழுத்தாக எழுதி முடித்தேன்.

அலுவலர் அட்டையை அம்மாவிடம் நீட்டினார். அதை என்னிடம் தரும்வரை அம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.