நடாமல் வந்த காடு

ஜேசிபி வண்டி கரட்டின் அடிவாரத்துக்கு வந்து நின்ற காலையில், கெங்கம்மாள் அதன் இரும்புப் பற்களுக்கு எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டாள். டிரைவர் ஹாரன் அடித்தான். இறங்கி வந்து கெஞ்சிப் பார்த்தான். அவள் மடியிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்து நிதானமாகக் காம்பு கிள்ளினாள்.

"ஓனர வரச் சொல்லு. நீயும் கூலிக்கு வந்தவன், நானும் கூலிக்கு வந்தவ. நமக்குள்ள இன்னாத்துக்கு சண்ட?"

கே.ஜி.கண்டிகையை அடுத்த அந்த நாற்பது ஏக்கர் கரடு விஸ்வேஸ்வரனுக்குச் சொந்தம். மலைக்கோயில் மடைப்பள்ளியில் தலைமுறை தலைமுறையாகப் பிரசாதம் செய்கிற குடும்பம். அவர் மட்டும் கரண்டி பிடிக்காமல் பாங்க் வேலைக்குப் போய், ஓய்வு பெற்று ஊர் திரும்பியிருந்தார். தாத்தா வாங்கிப் போட்ட நிலத்தை யாரும் எட்டிப் பார்க்காததால், ஐம்பது வருஷமாகச் சுற்றுப்பட்ட ஆடெல்லாம் அங்கேதான் மேய்ந்தன. மிஞ்சியது கல்லும் விராலிச் செடியும். ஆடு வாய் வைக்காததால் விராலி பிழைத்துக் கிடந்தது.

அங்கே மறுபடி காட்டைக் கொண்டுவர வேண்டும் என்று அவருக்கு ஆசை. கம்பிவேலி போட்டார். கெங்கம்மாளைக் காவலுக்கு வைத்தார். அப்புறம் சென்னையிலிருந்து ஒரு காண்டிராக்டரைக் கூட்டிவந்தார். அந்த ஆள் சுற்றிப் பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் வழித்து எடுத்துக் குழி போட்டுப் பத்தாயிரம் கன்று நடலாம் என்றான். 'வழித்து' என்ற அந்த ஒரு சொல்தான் கெங்கம்மாளைக் கொண்டுவந்து வண்டிக்கு முன்னால் உட்காரவைத்தது.

விஸ்வேஸ்வரன் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். பின்னாலேயே காண்டிராக்டரின் கார்.

"காவலுக்கு வச்சா என்னையே மறிக்கறயே, கெங்கம்மா?"

அவள் எழுந்து, களைக்கொத்தால் இரண்டு கல்லைப் புரட்டி மண்ணைச் சுரண்டினாள். கரிய முண்டு ஒன்று தலைகாட்டியது, மூடிய கைமுட்டி போல.

"இது உசில மரம் சார். மேல ஒண்ணுமில்ல, அடியில வேரு உங்க கை கனத்துக்கு ஓடுது. மழ பேஞ்சா தழைக்கும், ஆடு கடிக்கும், மறுபடியும் தழைக்கும். உனக்கு எப்படித் தெரியும்னு கேளுங்க. கடிக்க விட்டவளே நாந்தான். இருவது வருசம் இங்கதான் மேய்ச்சேன்."

காண்டிராக்டர் சிரித்தான். "செத்த கட்டையக் காட்டிக் காடுன்றாங்க சார்."

"செத்துதா, உசுரோட கீதான்னு மழைக்குத் தெரியும். இந்த மிஷின ஓட்டினா நிச்சயம் சாவும். ஒரு மழைக்காலம் குடுங்க சார். தழைக்கலன்னா நானே ஒதுங்கி வழி விடறேன்."

அவளுக்கு அத்தனை துணிச்சல் வந்ததற்குக் காரணம் இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன் வெக்கை நோயில் அவளுடைய முப்பது ஆடுகளும் ஒரே மாதத்தில் போய்விட்டன. வீட்டில் இருப்புக் கொள்ளாமல் வெறுங்கையோடு கரட்டின் மேல் ஏறி உட்கார்ந்தாள். தன் ஆடுகள் மட்டுமே மேய்கிற பள்ளத்தில் உசிலை செம்பழுப்பாகத் துளிர் விட்டிருந்தது. இருபது வருஷத்தில் அதை ஒரு சாண் உயரத்தில் அவள் பார்த்ததே இல்லை. ஆடு போன துக்கத்தோடு, வெட்கம் போல ஒன்றும் அன்றைக்கு நெஞ்சில் ஏறிக்கொண்டது.

விஸ்வேஸ்வரன் குனிந்து அந்த வேர்க்கட்டையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு ஜேசிபியைத் திரும்பப் போகச் சொன்னார்.

ஆடிக் கிருத்திகை முடிந்து மழை பிடித்தது. ஐப்பசிக்குள் கரடு முழுக்க உசிலையும் வெப்பாலையும் முழங்கால் உயரம் வந்துவிட்டன. பாறை இடுக்கிலிருந்து களாச் செடியும் காரைச் செடியும் எழுந்தன. புல் இடுப்பளவு நின்றது.

புல்லைப் பார்த்ததும் அவள் அண்ணன் தேசப்பன் கம்பியை அறுத்து எண்பது ஆடுகளை உள்ளே விட்டான். கெங்கம்மாள் கோலை எடுத்துக்கொண்டு ஒன்று விடாமல் விரட்டினாள்.

"சொந்த அண்ணன் ஆட்டையே தொரத்துறியா? நைனா மேய்ச்ச எடம்டி இது!"

"நைனா மேய்ச்சாரு, நீ மேய்ச்ச, நானும் மேய்ச்சேன். போதும்."

டீக்கடையில் யாரோ, திருடியையே காவலுக்கு வைத்த கதை என்று அவள் காதுபடச் சொன்னார்கள். "ஆங், திருடிக்குத்தான் திருட்டு வழியெல்லாம் தெரியும்" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்து முடித்தாள்.

இரண்டாம் வருஷம் பங்குனியில் உச்சி வெயிலில் கரடு பற்றிக்கொண்டது. காய்ந்த புல் சடசடவென்று எரிந்தது. விராலிக் கிளையை ஒடித்து அவள் ஒருத்தியாகவே அடித்தாள். கூந்தல் நுனி பொசுங்கியது, இடது உள்ளங்கை வெந்தது. தீ அணைந்தபோது பாதிக் கரடு கறுத்துக் கிடந்தது. அந்தக் கையோடு நேராக அண்ணன் பட்டிக்குப் போனாள்.

"வெச்சது நீயா?"

"ஆங், நாந்தான். புதுப்புல்லு வரணும்னு வருசா வருசம் வெக்கிறதுதான, உனக்குத் தெரியாதா? எம்பது உசுர வெச்சிகினு நான் எங்க போவ?"

திட்டுவதற்கென்று வழியெல்லாம் வார்த்தைகளைச் சேர்த்துவைத்திருந்த அவள், ஆடுகளைத் திரும்பிப் பார்த்தாள். பட்டியில் ஆடுகளின் விலா எலும்பை எண்ணலாம் போலிருந்தது.

மறுநாள் விஸ்வேஸ்வரன் போலீசுக்குப் போகிறேன் என்று குதித்தார். "யாருன்னு தெரியுமா?"

"தெரியும். சொல்ல மாட்டேன். புல்ல அறுத்துகினு போவ ஊருக்கு விடுங்க. ஆடு உள்ள வராது, அருவாதான் வரும். புல்ல நிக்க விட்டா நெருப்புக்குத் தீனி, அறுத்தா ஆட்டுக்குத் தீனி."

"ஒருத்தர விட்டா ஊரே வரும். முடியாது."

"அப்ப வேற ஆளப் பாத்துக்குங்க. எரியறத வேடிக்க பாக்க எனக்கு சம்பளம் வேணாம்." வேலிக் கேட்டின் சாவியை அவர் முன்னால் வைத்துவிட்டு நடந்தாள்.

ஐந்தாம் நாள் அவரே சாவியோடு அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார். "நீ சொன்னபடியே செய்" என்றார்.

அந்தக் கார்த்திகையில் புல்லறுக்க முதலில் வந்தவள் தேசப்பனின் மனைவி கமலா. அடுத்த வருஷம் பத்துப் பதினைந்து பெண்கள் வந்தார்கள். தேசப்பன் பாதி ஆட்டை விற்றுவிட்டு, மீதியைப் பட்டியிலேயே கட்டிப்போட்டான். அப்புறம் ஒரு நாள் அவனும் அரிவாளோடு வந்தான். தங்கையின் முகத்தைப் பார்க்காமல் அறுத்து, பார்க்காமலே போனான். அதன்பின் கரடு எரியவில்லை. எரிந்த பாதியும் திரும்பத் தழைத்துவிட்டது, ஒரு கன்றுகூட யாரும் நடவில்லை.

வேலி போட்டு இப்போது ஏழு வருஷம். உசிலை ஆளுயரத்தைத் தாண்டிவிட்டது. புதரில் முயல் ஓடுகிறது. போன தை மாதம் தேசப்பன் புல்லுக்கட்டைத் தூக்கப்போனபோது கெங்கம்மாள் குறுக்கே வந்து நின்றாள்.

"கட்ட அவுரு. உள்ள உசிலங் கொப்பு கீது."

"காட்டையே நீதான் பெத்தவளாட்டம் பேசற!" அந்தத் தீக்குப் பிறகு அவளிடம் நேராக அவன் பேசியது அதுதான் முதல் தடவை.

"அவுருன்னா அவுரு."

அவன் முறைத்தான். அவளும் முறைத்தாள். கடைசியில் கட்டை அவிழ்த்து, நான்கு கொப்புகளை உருவிக் கீழே போட்டான். மறுபடி கட்டியதும் அவள் ஒரு பக்கம் கைகொடுத்து அவன் தலைமேல் ஏற்றிவிட்டாள்.

"கமலா கிட்ட சொல்லு, நாளைக்குக் கெழக்குப் பக்கம் அறுக்கணும்" என்றாள்.

"நானே வரேன்" என்றபடி அவன் இறங்கிப் போனான்.