ரம்பத்தைச் சுண்டும் விரல்

பின்னறையில் மரம் அறுக்கும் பேண்ட்சா மெஷினை ஓட்டுவதற்கு முன்னால் என் வீட்டுக்காரர் ரம்பத்தை நகத்தால் ஒருமுறை சுண்டுவார். கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறேன். மேலே ஒரு சக்கரம், கீழே ஒரு சக்கரம், இரண்டையும் சுற்றி நாடாபோல ஓடும் ரம்பம். அதன் ஓசையைக் கேட்டே இறுக்கம் சரியா என்று சொல்லிவிடுவார். மெஷினில் இருக்கும் அளவு முள்ளை அவர் நம்பியதில்லை. முள் பொய் சொல்லும், காது சொல்லாது என்பார்.

தெருவில் அவருக்கு 'ரம்பம்' என்று பெயர். பேசியே அறுப்பவர் போலிருக்கிறது என்று புதிதாக வந்தவர்கள் பயப்படுவார்கள். அவரோ நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். அதனால்தான் சமீபகாலமாகக் கூப்பிட்டால் திரும்பாததை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

முன்பு அவர் வேலை செய்த பட்டறையில், அளவுக்கு மீறி முறுக்கிய ரம்பம் அறுந்து பக்கத்தில் நின்றவரின் கையைக் கிழித்தது. சட்டையெல்லாம் ரத்தத்தோடு இவர் வீட்டுக்கு வந்ததை நான் மறக்கவில்லை.

போன மழைக்காலத்தில் ஒரு காலை, சக்கரத்து ரப்பரில் ஒட்டிய மரத்தூளைச் சுரண்டிவிட்டுப் புது ரம்பம் மாட்டினார். கையால் சுற்றி, நடுவில் ஓடுகிறதா என்று பார்த்தார். சுண்டினார். சமையலறையில் எனக்கு வழக்கமான ஓசை கேட்டது. அவர் ரம்பத்தை இறுக்கும் திருகை இன்னும் முறுக்கினார். ஓசை ஏறியது. மறுபடியும் முறுக்கிச் சுண்டினார். காதுக்குள் கொசு புகுந்ததுபோல ரம்பம் கீச்சிட்டது.

"இன்னும் தொளதொளன்னு கெடக்கு" என்று முணுமுணுத்தார்.

கூப்பிட்டேன். திரும்பவில்லை. அவர் கை சுவிட்சுக்குப் போனது. ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினேன்.

"எதுக்குப் புடுங்கற?"

சொன்னேன். அவர் என் உதட்டையே பார்த்தார். பக்கத்து வீட்டுக்குக் கேட்கப் பேசியறியாத நான் கத்திவிட்டேன்.

"அது அலறுதுங்க. உங்களுக்குத்தான் கேக்கல."

திருகைத் தடவினார். "கொஞ்ச நாளாவே காது மந்தமாத்தான் இருக்கு. சொன்னா நீ மெஷினைப் பூட்டிருவ."

பூட்டத்தான் நினைத்தேன். அந்த முகத்தைப் பார்த்த பிறகு முடியவில்லை. நானே சுண்டினேன். பழைய ஓசை வரும்வரை அவர் தளர்த்தினார்.

"என்னக்கா, ரெண்டாவது ரம்பமும் ஓட ஆரம்பிச்சிருச்சா?" என்று என் கத்தலைக் காதில் வாங்கிய பக்கத்து வீட்டுக்காரி மதிலுக்கு அப்பாலிருந்து கேட்டாள்.

இப்போது சுண்டுவது நான். நான் தலையாட்டாமல் அவர் சுவிட்சைத் தொடுவதில்லை. மெஷின் நிற்கும்வரை கதவோரம் நிற்கிறேன். பயம் போகவில்லை.