தைலம் தின்ற ரப்பர் மூடி

கிள்ளான் அருகே ரப்பர் தோட்டத்தில் வசிக்கிறோம். சளிக்குத் தேய்க்கும் காயுபூத்தே தைலப் புட்டியின் தக்கை உடைந்ததும், என் கணவர் ரப்பர் ஷீட்டில் துண்டு வெட்டி அடைத்தார். "இனிமே வாசம்கூட வெளிய போவாது" என்றார். புட்டியைப் பெட்டிக்குள் படுக்க வைத்தேன்.

சில வாரம் கழித்து மகளுக்குச் சளி. தைலத்தை நெஞ்சில் தேய்த்ததும், "அம்மா, ஒட்டுதும்மா!" என்று அலறினாள். பயந்துபோய்த் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்தெடுத்தேன். நல்லவேளை, தோல் புண்ணாகவில்லை.

கெட்டது தைலமா, மூடியா? தெரிந்துகொள்ளாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. புதுத் தைலத்தைக் கிண்ணத்தில் ஊற்றி, ரப்பர் துண்டைப் போட்டு மூடினேன். மறுநாள் துண்டு உப்பிக் கூழாகியிருந்தது. படுத்துக் கிடந்த புட்டியிலும் தைலம் மூடியைக் கரைத்துத்தான் பிசினாகியிருக்கிறது.

இப்போது கண்ணாடி மூடியுள்ள கறுப்புப் புட்டியில் ஊற்றி, வெயில் படாமல் நிமிர்த்தி வைக்கிறேன். எதற்கெடுத்தாலும் ரப்பரை வெட்டும் கணவர், அந்தப் புட்டியைத் தொடுமுன் மட்டும் என்னைக் கேட்கிறார்.