ராகு காலம் பார்க்கும் சாஃப்ட்வேர்

முத்தியால்பேட்டையில் ஒரு சோப்பு கம்பெனிக்குச் சரக்குக் கணக்குப் பார்க்கும் ஈ.ஆர்.பி. சாஃப்ட்வேர் போட்டுக் கொடுத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை காலையில் மட்டும் சோடா மூட்டைகளின் இருப்பு மைனஸில் போய்விடும். மூன்று வாரமாகப் புரோகிராமில் தப்பைத் தேடினேன்.

இன்று ஸ்டோரிலேயே போய் உட்கார்ந்துவிட்டேன்.

பத்தரைக்கு லாரி வந்தது. ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் தனலட்சுமி அக்கா மூட்டைகளை இறக்கி, முதல் சிலதை நேராக மெஷினுக்கு அனுப்பினார். அனுப்பியதைப் பதிந்தார். வந்ததைப் பதியவில்லை.

“ஏன்க்கா வரவு போடல?”

“பன்னெண்டு வரைக்கும் ராகு காலம் சார். வர்ற சரக்க அப்ப எழுத மாட்டேன். போறத எழுதலாம்.”

அவ்வளவுதானா! வரவு பதியாத சரக்கை மெஷினுக்கு அனுப்பும் சீட்டே அச்சாகாதபடி அங்கேயே மாற்றிவிட்டேன். சீட்டு இல்லாமல் ஸ்டோரிலிருந்து மூட்டை நகராது. இனி மைனஸே வராது என்று முதலாளிக்குப் போன் போட்டும் சொல்லியாயிற்று.

கொஞ்ச நேரத்தில் மெஷின் நின்றது. சூப்பர்வைசர் கத்திக்கொண்டே ஓடிவந்தார். “அடுத்த மூட்ட எங்கக்கா?”

அக்கா நிதானமாகத் திரையைக் காட்டினார். “நான் என்ன சார் பண்றது? இப்ப கம்ப்யூட்டரே ராகு காலம் பாக்குது.”

பன்னிரண்டு வரை மொத்த ஃபேக்டரியும் டீ குடித்தது.

மைனஸ் வரவில்லை. என் சாஃப்ட்வேரில் தப்பே இல்லை. இதை முதலாளியிடம் எப்படிச் சொல்வது என்று மட்டும் யாராவது சொல்லுங்கள்.