தெற்கே வழிந்த பானை

சித்தி வங்கித் தேர்வுக்குப் படித்த வருஷம் நான் நாலாம் வகுப்பு. அவளுடைய ரீசனிங் புத்தகத்தைப் போல ஓர் அதிசயத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. 'எல்லாக் காகமும் கறுப்பு. இது கறுப்பு. ஆகவே இது காகம்.' சரிதானே என்பேன். "அப்போ உன் ஸ்கூல் ஷூ காகமா பிள்ளே?" என்பாள் சித்தி. சரியென்று தோன்றிய ஒன்று கண்ணெதிரே இடிந்து விழும். எனக்கு மயிர்க்கூச்செறியும்.

பெரியப்பாவுக்கு அந்தச் சிலிர்ப்பெல்லாம் கிடையாது. திருவனந்தபுரம் சாலை பஜாரில் அரிசிக்கடை வைத்திருந்த அவர்தான் பெற்றோர் இல்லாத சித்திக்கு எல்லாம். நாகர்கோவிலில் ஒரு மாப்பிள்ளையும் பார்த்து வைத்திருந்தார். பரீட்சையா கல்யாணமா என்று வீட்டில் பேச்சு முற்றியதும், தீர்ப்பை ஆற்றுகால் அம்மையிடமே விட்டுவிட்டார். அம்மைக்குத் தெருவெங்கும் பொங்கலிடும் பொங்காலையன்று சித்தியின் பானை கிழக்கே பொங்கி வழிந்தால் பரீட்சை எழுதலாம். வேறு பக்கம் வழிந்தால் கல்யாணம்.

பொங்காலை பெண்கள் காரியம். சித்தி, அவளுடைய அக்காவான பெரியம்மா, நான் மூவரும் கிழக்கேகோட்டை ரோட்டோரம் செங்கல் அடுக்கி, புகையில் கண் எரிய உட்கார்ந்திருந்தோம். பானை தெற்கே வழிந்தது.

பெரியம்மா அழவே ஆரம்பித்துவிட்டாள். "போன வருஷம் எனக்கும் தெக்கேயாக்கும் வழிஞ்சது. பின்னே மழையில வழுக்கி விழுந்து கை ஒடிஞ்சுதல்லோ. பரீட்சை வேண்டாம்டி."

சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு ரோட்டைக் காட்டினாள். "இங்க தெக்கே வழிஞ்ச பானை எத்தனைன்னு பாருக்கா. அத்தனை பேருக்கும் கை ஒடியுமா? ஒண்ணுக்குப் பின்னால இன்னொண்ணு வந்தா, முதல்ல வந்தது காரணமாயிடுமா?"

பார்த்த இடமெல்லாம் அடுப்பு, பானை, ஆவி. அத்தனைக்கும் நடுவில் அம்மையின் சன்னதிக்கே கேட்கும்படி சித்தி ரீசனிங் பேசினாள். நான் வாயைப் பிளந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியம்மா பானையை இறக்கினாள்.

வாசலிலேயே காத்திருந்தார் பெரியப்பா. "எந்தப் பக்கம்?"

சித்தி வாயைத் திறக்குமுன், "கிழக்கேயாக்கும். நான் கண்ணால கண்டேன்" என்றாள் பெரியம்மா. சொல்லிவிட்டு நேராகப் பூஜை அறைக்குப் போனாள். விளக்கு ஏற்றுவதற்குள் இரண்டு தீக்குச்சி வீணானது. "பொய் சொன்னவ நானாக்கும் அம்மே. வர்ற கெடுதல் எனக்கு வரட்டும். அவளைத் தொடாதே" என்று விளக்கின் முன் நெற்றி தரையில் பட விழுந்தாள்.

கதவோரம் நின்ற எனக்கு அவள்மேல் பரிதாபம்தான் வந்தது. சித்தி அவ்வளவு தெளிவாகச் சொல்லியும் இந்தப் பெரியம்மாவுக்கு ரீசனிங் ஏறவே இல்லையே என்று.