ஐந்தாம் நம்பர் மாடு என்ன தின்றது?

கலைவாணி அக்கா தராசு முன்னால் நின்றால் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால், "முள்ளு நிக்கட்டும், அப்புறம் பேசு" என்று அதட்டுவார். தராசு டிஜிட்டல் ஆகிப் பத்து வருடமாகிறது, அதில் முள்ளே கிடையாது. அதை அவரிடம் யார் போய்ச் சொல்வது?

புதுச்சேரிக்கு மேற்கே ஒரு கால்நடை ஆராய்ச்சிப் பண்ணையில் அவர் பதினான்கு வருடமாகத் தினக்கூலி. நான் அங்கேயே லேப் உதவியாளன், ஹாஜா. மாட்டுக்குள் போவதை அக்கா நிறுப்பார். வெளியே வரும் சாணியையும் கோமியத்தையும் நான் ஆசிட்டில் வேகவைத்து, அதில் எவ்வளவு புரதம் வீணாகிறது என்று பார்ப்பேன். தீவன ஆராய்ச்சி என்றால் இவ்வளவுதான். மற்றதெல்லாம் இங்கிலீஷ்.

அக்காவின் நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். வைக்கோல், பிண்ணாக்கு, தண்ணீர், மறுநாள் காலையில் தொட்டியில் கிடக்கும் மிச்சம் எல்லாவற்றையும் அதில் கிராம் சுத்தமாக எழுதுவார். ஒருமுறை ஒரு மாணவி அன்பாக மாட்டுக்கு வாழைப்பழத்தோலைக் கொடுத்துவிட்டாள். அக்கா அவள் கையைப் பிடித்து இழுத்துவந்து, அதே மாதிரி இன்னொரு தோலை நிறுத்து எழுதவைத்தார். "கலைவாணி எழுதினா சரிதான்" என்பது பண்ணையில் எல்லோரும் சொல்கிற பேச்சு. மில் மூடியதும் கணவர் வேலையிழந்து, பிறகு அவரும் போய்ச் சேர்ந்து, முதலியார்பேட்டையில் ஒண்டிக்கட்டையாக இருக்கும் அந்த அம்மாளுக்கு அந்தப் பேச்சுதான் சொத்து. தினக்கூலிகளை நிரந்தரமாக்கச் சொல்லிப் போன லிஸ்ட்டில் முதல் பெயரும் அவருடையதுதான்.

போன வருடம் அருள்முருகன் என்கிற பையனின் ஆராய்ச்சி நடந்தது. ஆறு மாடுகள். மூன்றுக்கு அசோலா என்கிற புரதம் நிறைந்த நீர்த்தாவரம் கலந்த தீவனம், மூன்றுக்கு வெறும் வைக்கோலும் கொஞ்சம் தவிடும். ஏழு நாள் மாட்டின் பின்னாலேயே நின்று, விழுகிற சாணி அத்தனையையும் பிடிக்க வேண்டும். அவன் பிடித்தான். அந்த வாரம் முழுக்க அவன் பக்கத்தில் யாரும் உட்கார்ந்து சாப்பிடவில்லை.

மூன்று வாரம் கழித்து என் லேப்பில் முடிவு வந்தபோது ஐந்தாம் நம்பர் மாடு மானத்தை வாங்கியது. அது வெறும் வைக்கோல் மாடு. கடைசி இரண்டு நாளில், தின்றதைவிட அதிகமான புரதத்தை வெளியே விட்டிருந்தது. சரி, உடம்பு கரைகிறது என்று பார்த்தால் எடை ஒரு கிலோகூடக் குறையவில்லை.

"இல்லாதது எங்கிருந்து வரும்?" என்று கேட்டார் சுமலதா மேடம். அவர்தான் பேராசிரியை, கண்டிப்பானவர். முதலில் என்னைச் சந்தேகப்பட்டார். மூன்று தடவை வேகவைத்தேன், மூன்று தடவையும் அதே எண். அக்காவின் நோட்டை யாரும் சந்தேகப்படவில்லை. மிச்சம் இருந்தது பையன்தான். சாணியின் எடையை வீட்டில் உட்கார்ந்து எழுதியிருப்பான் என்று மேடம் முடிவு கட்டினார். திங்கட்கிழமை விசாரணைக் கமிட்டி. பொய் எழுதினான் என்று தீர்ந்தால் மூன்று வருடப் படிப்பு போச்சு.

அக்கா சண்டைக்கே போய்விட்டார்.

"அந்தப் புள்ள ராப்பகலா நின்னுது மேடம். அது பொய் எழுதல."

"அப்போ உன் நோட்டு தப்பா?"

"என் நோட்டுல தப்பு கிடையாது."

"ரெண்டும் சரியா இருக்க முடியாது கலைவாணி" என்றார் மேடம். அக்கா விருட்டென்று வெளியே வந்துவிட்டார். பையன் சனிக்கிழமையே அறையைக் காலி செய்யப் பெட்டி கட்டினான். ஆசிட்டில் வேகவைக்கிறவன் என்ன செய்ய முடியும்?

திங்கட்கிழமை காலை ஷெட் வாசலில் அக்காவைப் பார்த்தேன். கையில் நாலு கட்டு அகத்திக்கீரை.

"என்னக்கா, ஒரு ஆளுக்கு இவ்ளோ கீரையா?"

"எனக்கு இல்ல பாய். இன்னிக்கு அமாவாசை. எங்க வூட்டுக்காரரு, மாமனாரு, எங்கப்பா, எங்கம்மா, ஆளுக்கு ஒரு கட்டு. மாட்டுக்குக் குடுக்கணும்."

அமாவாசைக்குச் செத்தவர்கள் பெயரில் மாட்டுக்கு அகத்திக்கீரை கொடுப்பது ஊரில் நடக்கிறதுதான். கோயில் வாசலில் மாட்டையும் கட்டி, கீரையையும் விற்கிறார்கள். நான் சிரித்துக்கொண்டே நகர்ந்தேன். நாலு அடி போனதும் கால் நின்றுவிட்டது.

"எந்த மாட்டுக்குக்கா?"

"அஞ்சுக்கு."

"போன அமாவாசைக்கு?"

"அஞ்சுக்குத்தான். ஏன்?"

"நோட்டுல எழுதலியே."

"இது தீவனமா பாய்? படையல். அதை எவனாவது எடை போட்டு..."

பேச்சு பாதியில் அறுந்தது. அக்கா கீரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். போன அமாவாசை வந்தது அந்த ஏழு நாளில் ஐந்தாவது நாள். அகத்தியில் புரதம் அதிகம், நாலு கட்டு என்றால் ஒரு வைக்கோல் மாட்டுக்குக் கல்யாண விருந்து.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நான் கோழை. லிஸ்ட்டில் அவர் பெயர் இருப்பது ஞாபகம் வந்ததும், "அக்கா, யாருக்கும் தெரியாது" என்றேன்.

"எனக்குத் தெரிஞ்சிடுச்சே" என்று சொல்லிவிட்டுக் கீரையோடு மேடம் அறைக்கு நடந்தார். நான் பின்னால் ஓடினேன்.

அக்கா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். மேடம் நோட்டை அவர் முன்னால் தள்ளினார். அக்கா கீரையை அறை மூலையிலிருந்த தராசில் வைத்தார், மூன்று கிலோ எண்ணூற்று அறுபது கிராம். எப்போதும் வாங்குகிற நெல்லித்தோப்புக் கடை, அதே கட்டுதான் என்று சொல்லி, போன மாதத்துப் பக்கத்தில் தேதி பார்த்து எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான் கால்குலேட்டரைத் தட்டினேன். ஐந்தாம் நம்பருக்கு உள்ளே போன புரதமும் வெளியே வந்ததும் ஏறக்குறையச் சரியாகப் போனது. மேடம் போனை எடுத்துக் கமிட்டியை நிறுத்தினார். பையனைப் பெட்டியைப் பிரிக்கச் சொன்னார்.

அதோடு முடிந்திருக்கலாம். மேடம் விடவில்லை.

"எத்தனை அமாவாசையா இது நடக்குது?"

"எங்க வூட்டுக்காரரு போனதுல இருந்து. பதினோரு வருஷம்."

பதினோரு வருடத்தில் அந்த ஷெட்டிலிருந்து எட்டுப் பேர் டாக்டர் பட்டம் வாங்கிப் போயிருக்கிறார்கள். மேடம் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். பழைய நோட்டு எல்லாவற்றையும் அவர் காலண்டரோடு ஒத்துப் பார்த்ததும், இரண்டு பத்திரிகைகளுக்குத் திருத்தம் எழுதி அனுப்பியதும், அக்காவின் பெயர் லிஸ்ட்டிலிருந்து போனதும் பிறகு நடந்தவை. அன்றைக்கு அவர் கேட்டது ஒன்றுதான்.

"எல்லா ஆராய்ச்சியிலயும் அஞ்சாம் நம்பருக்கேவா?"

"இல்ல மேடம். எந்த மாட்டுக்குக் கம்மியா போடச் சொல்றீங்களோ, அதுல ஒண்ணுக்கு."

"ஏன்?"

அக்கா முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டார்.

"அவரு ஆஸ்பத்திரியில கெடந்தப்போ டியூப் வழியாத்தான் கஞ்சி. ஒரு வேளைக்கு இருநூறு மில்லி, அதுக்கு மேல கூடாதுன்னு சொன்னாங்க. அவங்க நல்லதுக்குத்தான் சொன்னாங்க. பசிக்குது வாணின்னு கையால காட்டுவாரு. நான் அளந்து இருநூறுதான் ஊத்துனேன். கடைசி நாளும் இருநூறுதான். ஒரு சொட்டு கூடுதலா ஊத்தல மேடம்."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூடிய பேனாவை மறுபடி திறந்தார்.

"அதையும் நோட்டுல எழுதணுமா மேடம்?"